ஒற்றை முன்பல்சக்கரத்துக்கு மாறலாமா? 44/32/22 உள்ள பழைய மலை சைக்கிள் பற்றி ஒரு கேள்வி

அடிவாரத்தான் (கேள்வி)

நண்பர்களுக்கு வணக்கம். சேலத்தில் வசிக்கிறேன். 2013-இல் வாங்கிய 26 அங்குலச் சக்கர மலை சைக்கிள் ஒன்றை இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். அதில் முன்புறம் மட்டும் சஸ்பென்ஷன் உண்டு, டிஸ்க் பிரேக், முன்னால் 44, 32, 22 பற்கள் கொண்ட மூன்று பல்சக்கரங்கள் (நம் ஊர்க் கடைகளில் செயின் வீல் என்பார்கள்), பின்னால் 11 முதல் 34 பற்கள் வரை ஒன்பது அடுக்குக் காசெட் (பின்சக்கரத்தில் ஏறும் பல்சக்கரத் தொகுதி). வார நாள்களில் ஊருக்குள் ஓட்டுவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏர்க்காட்டுப் பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி இறங்குவேன். ஆண்டுக்கு ஓரிரு முறை கொல்லிமலைக்கும் போவதுண்டு.

முன்பல்சக்கரங்களை மாற்றும் இடப்பக்க ஷிஃப்டரை (கைப்பிடியில் உள்ள கியர் மாற்றி) நான் தொடுவதே அரிது; தொடும்போதெல்லாம் வம்பு வருகிறது. வளைவில் திரும்பும்போது 32-இலிருந்து 22-க்கு இறக்கினால், செயின் அந்தப் பல்சக்கரத்தையும் தாண்டி உள்ளே விழுந்து சட்டத்துக்கும் கிராங்குக்கும் (பெடலைத் தாங்கும் கை) நடுவில் சிக்கிக்கொள்கிறது. சட்டத்தின் பெயின்ட் அந்த இடத்தில் உலோகம் தெரியும்வரை உரிந்துவிட்டது. மழைக்காலத்தில் முன் டிரெய்லியர் (செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் கருவி) சேற்றில் இறுகி அசைய மறுக்கிறது. ஆகவே, முன்னால் ஒரே ஒரு பல்சக்கரத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றையெல்லாம் கழற்றிவிடலாம் என்ற எண்ணம் வந்திருக்கிறது.

இரண்டு கடைகளில் கேட்டேன். ஒரு கடைக்காரர், பின்சக்கரம் உட்பட எல்லாவற்றையும் மாற்றிப் பன்னிரண்டு கியர் போட்டால்தான் சரியாக இருக்கும் என்றார். அவர் சொன்ன தொகைக்கு இன்னொரு சைக்கிளே வாங்கிவிடலாம். மற்றவர், 44-ஐயும் 22-ஐயும் கழற்றி எறிந்துவிட்டால் வேலை முடிந்தது என்றார். இரண்டுக்கும் நடுவில் ஏதாவது வழி இருக்கிறதா? எனக்கு வயது ஐம்பதை நெருங்குகிறது. ஏற்றத்தில் முழங்காலைக் காப்பாற்றும் அந்தக் கடைசி கியரை இழக்க எனக்கு விருப்பமில்லை. இப்போதுள்ள பின்சக்கரத்தையே வைத்துக்கொண்டு மாற்ற முடியுமா என்பதையும், எதை வாங்க வேண்டும், எதை வாங்கத் தேவையில்லை என்பதையும் அனுபவப்பட்டவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.


பட்டறைக்காரன் (மறுமொழி)

வணக்கம். பல ஆண்டுகளாகச் சைக்கிள் பழுதுபார்ப்பதே என் தொழில் என்பதால், வாங்கும் பேச்சுக்கு முன்னால் பார்க்கும் பேச்சை முடித்துவிடுவோம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மூன்று இடங்களைப் பாருங்கள்.

முதலில் கிராங்க். முன்பல்சக்கரங்கள் நான்கு போல்ட்டுகளால் பிடிக்கப்பட்டிருக்கின்றனவா, அல்லது ரிவெட் அடித்து ஒன்றோடொன்று நிரந்தரமாகச் சேர்க்கப்பட்டிருக்கின்றனவா என்பதுதான் முதற்கேள்வி. விலை குறைந்த சைக்கிள்களில் பெரும்பாலும் ரிவெட்தான். அப்படியானால் பல்சக்கரத்தை மட்டும் மாற்ற வழியில்லை, கிராங்கையே மாற்ற வேண்டும். 44/32/22 அமைப்பில் நான்கு போல்ட் இருந்தால், போல்ட் துளைகள் வழியாக வரையப்படும் வட்டத்தின் விட்டம் பெரும்பாலும் வெளிப்பல்சக்கரத்துக்கும் நடுப்பல்சக்கரத்துக்கும் 104 மில்லிமீட்டராகவும், உட்பல்சக்கரத்துக்கு 64 மில்லிமீட்டராகவும் இருக்கும். 104 என்பது மிகவும் பரவலான அளவு என்பதால், அதற்குப் பொருந்தும் ஒற்றைப் பல்சக்கரங்கள் எளிதாகக் கிடைக்கின்றன.

அடுத்தது பின்சக்கரத்தின் ஹப், அதாவது சக்கரத்தின் நடுக்குடம். ஒன்பது அடுக்கு என்று நீங்கள் சொல்வதால் அது பெரும்பாலும் காசெட் ஏறும் ஃப்ரீஹப்பாகவே இருக்கும். அப்படியானால் பாதி நிம்மதி. ஏழு கியர் சைக்கிள் வைத்திருக்கும் வேறு யாராவது இதைப் படித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன்: அவற்றில் பலவற்றில் ஹப்பின் மரையில் திருகி ஏற்றும் பழைய பாணி ஃப்ரீவீல்தான் இருக்கும். அதில் இன்றைய பெரிய காசெட்டுகள் ஏறா. சக்கரத்தையோ ஹப்பையோ மாற்றியே ஆக வேண்டும்.

மூன்றாவது இடம் இடப்பக்க ஷிஃப்டர். அது பிரேக் லீவரோடு ஒரே துண்டாக இருந்தால் தனியே கழற்ற முடியாது. கேபிளை மட்டும் உருவிவிட்டு வெறும் ஷிஃப்டரைச் சுமந்துகொண்டு ஓட்டலாம், அல்லது பிரேக் லீவரையும் சேர்த்து மாற்றலாம். தனித்தனியாக இருந்தால் ஒரு திருகைத் தளர்த்தினால் வந்துவிடும்.

இனி, அந்த இரண்டாவது கடைக்காரர் சொன்ன யோசனைக்கு வருகிறேன். உங்கள் இப்போதைய நடுப்பல்சக்கரத்தையே வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் கழற்றினால், முதல் மேடுபள்ளத்திலேயே செயின் கழன்று விழும். காரணம் எளிது. அந்த 32-பல் சக்கரம், செயினை விட்டுக்கொடுப்பதற்காகவே செய்யப்பட்டது. அதன் பற்கள் குட்டையாகவும், சில இடங்களில் சீவப்பட்டும் இருக்கும். பக்கவாட்டில் செயின் எளிதாக ஏறி இறங்குவதற்கான மேடுகளும் முளைகளும் இருக்கும். மூன்று பல்சக்கரங்கள் இருந்தபோது நல்ல குணமாக இருந்தது, ஒன்றே இருக்கும்போது கெட்ட குணமாகிவிடுகிறது. ஒற்றைப் பல்சக்கரத்துக்கென்றே வரும் நேரோ-வைடு வகையில் பற்கள் ஒன்று விட்டு ஒன்று தடித்தும் மெலிந்தும் இருக்கும். செயினில் உள்தகட்டுக் கண்ணியின் இடைவெளி குறுகலாகவும், வெளித்தகட்டுக் கண்ணியின் இடைவெளி அகலமாகவும் இருக்கிறதல்லவா? தடித்த பல் அகலமான இடைவெளியை நிறைத்துக்கொள்வதால், செயின் பக்கவாட்டில் ஆடுவதற்கு இடமே இல்லாமல் போகிறது. அதனால்தான் இந்த வகைப் பல்சக்கரங்கள் எப்போதும் 30, 32, 34 என்று இரட்டைப்படையில் வருகின்றன.

இந்தப் பல்சக்கரத்துக்குத் துணையாக, பின் டிரெய்லியரில் கிளட்ச் இருக்க வேண்டும். உங்களிடம் உள்ள டிரெய்லியரின் கூண்டை (இரு உருளைகளைத் தாங்கித் தொங்கும் பகுதி) விரலால் முன்னுக்கு இழுத்துப் பாருங்கள். வெறும் ஸ்பிரிங் மட்டும்தான் எதிர்க்கும். கிளட்ச் உள்ளதில் ஓர் உராய்வுப் பிடி கூடுதலாக இருப்பதால், கற்களில் குலுங்கும்போது கூண்டு முன்னும் பின்னும் துள்ளாது, செயினும் தளராது. தார்ச்சாலையில் மட்டும் ஓட்டுபவர் கிளட்ச் இல்லாமல் நேரோ-வைடு பல்சக்கரத்தை மட்டும் நம்பி ஓட்டிவிடலாம். அப்படி ஓட்டும் சிலர், முன் டிரெய்லியரைக் கழற்றாமல், அது நகரும் எல்லையைக் கட்டுப்படுத்தும் லிமிட் திருகுகளால் ஒரே இடத்தில் பூட்டி, அதையே செயின் தடுப்பாகப் பயன்படுத்துவதையும் பார்த்திருக்கிறேன். பார்க்க அழகில்லை; ஆனால் செலவும் இல்லை.

பின்னால்தான் செலவு காத்திருக்கிறது. உங்கள் இப்போதைய டிரெய்லியர் 34 பற்கள் வரை ஏறுவதற்காக வடிவமைக்கப்பட்டது. மூன்று முன்பல்சக்கரங்களின் தொய்வையெல்லாம் இழுத்துக்கொள்ளும் நீண்ட கூண்டு அதில் இருக்கிறது. 44-க்கும் 22-க்கும் உள்ள வேறுபாடு 22, 34-க்கும் 11-க்கும் உள்ள வேறுபாடு 23, ஆக 45 பற்களுக்கான தொய்வு. ஒற்றைக்கு மாறி 11-42 காசெட் போட்டால் 31 பற்களுக்கான தொய்வுதான். ஆகவே செயினை இழுக்கும் திறனுக்குப் பஞ்சமில்லை. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது: அதன் மேல் உருளை 42-பல் சக்கரத்தில் முட்டும். ஹேங்கரில் (சட்டத்தில் பின் டிரெய்லியர் தொங்கும் காது) ஒரு நீட்டிப்புத் துண்டை மாட்டி டிரெய்லியரைக் கீழே இறக்கினால் முட்டாது. ஆனால் சிறிய பற்களில் உருளை தொலைவாகிப் போவதால் கியர் மாறுவது மந்தமாகிவிடும். எனக்கு அந்தத் துண்டின் மேல் அவ்வளவு மதிப்பில்லை.

ஷிஃப்டர், டிரெய்லியர், காசெட் மூன்றையும் ஒரே குடும்பத்திலிருந்து வாங்குங்கள். ஷிமானோவின் ஒன்பது கியர் மலை சைக்கிள் ஷிஃப்டர் இழுக்கும் கேபிளின் அளவும், அதே நிறுவனத்தின் பத்து கியர் டிரெய்லியர் எதிர்பார்க்கும் அளவும் வெவ்வேறு. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை வாங்கினால் எத்தனை நாள் திருகினாலும் கியர் சரியாக உட்காராது. உங்கள் ஃப்ரீஹப்பில் அப்படியே ஏறக்கூடியவை என்று நான் உறுதியாகச் சொல்லக்கூடியவை இவை: மைக்ரோஷிஃப்ட் அட்வென்ட் ஒன்பது கியர், 11-42, அதே நிறுவனத்தின் அட்வென்ட் எக்ஸ் பத்து கியர், 11-48, ஷிமானோ டியோர் எம்5100 பதினொரு கியர், 11-51. முதற்கடைக்காரர் சக்கரத்தையும் மாற்றச் சொன்னதற்குக் காரணம், பன்னிரண்டு கியர்களில் பத்துப் பல்லில் தொடங்கும் காசெட்டுகளுக்கு வேறு வகை ஃப்ரீஹப் வேண்டும் என்பதுதான். ஸ்ராம் நிறுவனம் 2012-இல் எக்ஸ்எக்ஸ்1 என்ற 10-42 அமைப்பைக் கொண்டுவந்தபோதே பத்துப் பல்லுக்காகத் தனி ஃப்ரீஹப்பையும் கொண்டுவந்தது. 2016-இல் அது 10-50 ஆனது. 2018-இல் ஷிமானோவும் 10-51 காசெட்டோடு தன் பங்குக்கு இன்னொரு வகை ஃப்ரீஹப்பைக் கொண்டுவந்தது. அவர் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் உங்கள் தேவைக்கு அது அவசியமும் இல்லை.


கணக்கர் (மறுமொழி)

பட்டறைக்காரர் பொருத்தத்தைச் சொல்லிவிட்டார். எதை வாங்குவது என்பதைப் பற்களின் கணக்கே முடிவு செய்துவிடும் என்பதால், அதை மட்டும் நான் எழுதுகிறேன்.

26 அங்குலச் சக்கரத்தில் 2.1 அங்குல டயர் இருந்தால், சக்கரம் ஒரு சுற்றில் ஏறத்தாழ 2.07 மீட்டர் உருளும். முன்பற்களைப் பின்பற்களால் வகுத்து இந்த எண்ணால் பெருக்கினால், பெடலை ஒரு முழுச்சுற்று மிதிக்கும்போது சைக்கிள் எவ்வளவு தூரம் நகரும் என்பது தெரியும். இப்போது உங்களிடம் உள்ள மிக எளிய கியரான 22/34-இல் அது 1.34 மீட்டர். மிகக் கடினமான 44/11-இல் 8.28 மீட்டர். இந்த இரு எல்லைகளுக்கும் நடுவில் 27 கியர்கள் இருப்பதாகச் சொல்கிறார்கள். ஆனால் 44 என்பது 22-இன் இரு மடங்கு என்பதைக் கவனியுங்கள். பொதுவாகக் காணப்படும் 11-13-15-17-20-23-26-30-34 காசெட்டாக இருந்தால், 22/13-உம் 44/26-உம் ஒன்றே; 22/15-உம் 44/30-உம் ஒன்றே; 22/17-உம் 44/34-உம் ஒன்றே. மயிரிழை வேறுபாடு கூடக் கிடையாது. 32/11-க்கும் 44/15-க்கும், 32/17-க்கும் 44/23-க்கும் உள்ள வேறுபாட்டையும் கால் உணராது. அதாவது 27 என்பது பெட்டியில் அச்சடிப்பதற்கான எண். ஓட்டுபவருக்கு உண்மையில் கிடைப்பது அதைவிட மிகக் குறைவு.

இனி ஒற்றைக்கு மாறினால் என்ன ஆகும்? 32-பல் சக்கரத்தோடு 11-42 காசெட் என்றால், கடைசி கியர் 1.58 மீட்டர். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால், இப்போது மணிக்கு 4.8 கிலோமீட்டர் வேகத்தில் ஏறும் நீங்கள் 5.7 கிலோமீட்டர் வேகத்தில் ஏற வேண்டியிருக்கும். ஒரு கிலோமீட்டர் கூட இல்லையே என்று தோன்றலாம். ஆனால் அதே ஏற்றத்தில் ஒவ்வொரு மிதிக்கும் நீங்கள் செலுத்த வேண்டிய விசை சுமார் 18 சதவீதம் கூடிவிடுகிறது. முழங்கால் கேட்பது இந்தக் கணக்கைத்தான். 30-பல் சக்கரமும் 42-உம் என்றால் கூடுதல் விசை சுமார் 10 சதவீதம். 32-உம் 48-உம் என்றால் வெறும் 3 சதவீதம். 32-உம் 51-உம் என்றால், இப்போதுள்ளதைவிடவே எளிதாகிவிடும்.

மேல் எல்லையில் இழப்பு நிச்சயம். 32/11-இல் ஒரு சுற்றுக்கு 6.02 மீட்டர், நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால் மணிக்கு 32.5 கிலோமீட்டர் கிடைக்கும். 44/11-இல் அதே மிதிப்புக்கு 44.7 கிலோமீட்டர் கிடைத்தது. ஏர்க்காட்டு இறக்கத்தில் யாரும் பெடல் மிதிப்பதில்லை. கை முழுக்கப் பிரேக்கில்தான் இருக்கும். சமவெளியில் நண்பர்களின் சாலை சைக்கிள்களோடு சேர்ந்து ஓட்டும் வழக்கம் இருந்தால் மட்டும், இந்தப் பன்னிரண்டு கிலோமீட்டரை நினைத்து வருந்துவீர்கள்.

இன்னோர் இழப்பையும் யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. அடுத்தடுத்த கியர்களுக்கு நடுவே உள்ள படி உயர்கிறது. உங்கள் 11-34 காசெட்டில் ஒரு படி சராசரியாக 15 சதவீதம். 11-42 ஒன்பது கியரிலும் 11-48 பத்து கியரிலும் சராசரியாக 18 சதவீதம். காட்டுப்பாதையில் இது தெரியாது, ஏனெனில் அங்கே ஏற்றமே ஒரே சீராக இல்லாமல் மாறிக்கொண்டேதான் இருக்கும். ஒரே சீரான சரிவுள்ள தார்ச்சாலையில், ஒரு கியர் கனமாகவும் அடுத்தது வெறுமையாகவும் படும் தருணங்கள் வரும்.

ஒரு பைசா செலவில்லாத சோதனை ஒன்று சொல்கிறேன். அடுத்த ஞாயிறு ஏர்க்காடு ஏறும்போது 22-உம் 30-உம் சேர்ந்த கியருக்குக் கீழே இறங்காதீர்கள். 34 உங்களிடம் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். 22/30 என்பது 30/42-க்கும் 32/42-க்கும் நடுவில் விழும் கியர். அதில் இருபது வளைவுகளையும் சிரமமில்லாமல் ஏறிவிட்டால் 11-42 காசெட்டே போதும். முடியாவிட்டால், 48 அல்லது 51 உள்ளதற்குக் கூடுதல் செலவு செய்வதில் நியாயம் உண்டு.


இரண்டுபல்லன் (மறுமொழி)

எல்லோரும் ஒரே பக்கம் பேசுவதால் மறுபக்கத்தைச் சொல்ல ஒருவன் வேண்டும். நான் கோவைக்காரன், வால்பாறைப் பாதையின் நாற்பது வளைவுகளை, பின்னால் இரண்டு பைகளில் சுமையோடு ஏறுபவன். சில ஆண்டுகளுக்கு முன் ஒற்றைப் பல்சக்கரத்துக்கு மாறி, ஓராண்டு ஓட்டிவிட்டு, இரண்டுக்குத் திரும்பியவன்.

கேள்வி கேட்டவரின் உண்மையான குறை என்ன? செயின் உள்ளே விழுகிறது. முன் டிரெய்லியர் இறுகுகிறது. முதலாவது, உட்பக்க லிமிட் திருகு தளர்ந்திருப்பதன் அடையாளம். அதைக் கால் சுற்று இறுக்கி, சீட் டியூபில் செயின் விழாமல் தடுக்கும் சிறு பிளாஸ்டிக் கொக்கி ஒன்றைப் பொருத்தினால் தீர்ந்துவிடக்கூடியது. இரண்டாவது, துருப்பிடித்த கேபிளும் அதன் உறையும். இரண்டுக்கும் சேர்த்து ஆகும் செலவு, ஒரு பெரிய காசெட்டின் விலையில் சிறு பகுதி கூட வராது. பல் வலிக்குத் தாடையையே மாற்றச் சொல்லுவது போல இருக்கிறது இங்கே நடக்கும் ஆலோசனை.

நான் திரும்பியதற்குக் காரணம் தேய்மானமும்தான். மூன்று பல்சக்கரங்கள் பகிர்ந்துகொண்ட பாரத்தை ஒன்றே சுமக்கும்போது, மென்மையான அலுமினியப் பல்சக்கரம் எவ்வளவு நாள் தாங்கும்? ஏற்றம் முழுவதும் செயின் கடைசிப் பெரிய பல்லில் சாய்ந்தே ஓடுகிறது. அந்தச் சாய்வில் செயின் முனகுவதைக் காதாலேயே கேட்கலாம். 22-உம் பெரிய பின்பற்களில் ஒன்றும் சேர்ந்தால், ஏறத்தாழ அதே எளிமை இதைவிட நேரான செயினோடு கிடைக்கும். அது மட்டுமல்ல, ஒன்பது அடுக்கு 11-34 காசெட்டை எந்த ஊர்க் கடையிலும் வாங்கிவிடலாம். பயணத்தின் நடுவில் 11-51 காசெட் பழுதானால் யாரிடம் போய்க் கேட்பது?

என் யோசனை: 44-ஐ மட்டும் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் பல் இல்லாத காப்பு வளையம் ஒன்றைப் பொருத்துங்கள். 32-உம் 22-உம் இருக்கட்டும். முன் டிரெய்லியரின் வெளிப்பக்க லிமிட் திருகை இறுக்கி, மூன்றாவது நிலைக்குப் போகாமல் தடுத்துவிடலாம். கடைசி கியர் அப்படியே இருக்கும். நீங்கள் இழப்பது, நீங்களே அரிதாகத் தொடும் 44-ஐ மட்டும்தான்.


அடிவாரத்தான்

மூவருக்கும் நன்றி. பார்த்துவிட்டேன்: நான்கு போல்ட், 104 மில்லிமீட்டர்; பின்னால் ஃப்ரீஹப்தான்; ஷிஃப்டர் பிரேக்கிலிருந்து தனியாகவே இருக்கிறது.

கணக்கர் சொன்ன சோதனையையும் செய்தேன். முதல் பதினொரு வளைவுகள் வரை 22/30-இல் ஏறியதில் குறையொன்றும் தெரியவில்லை. அதற்குப் பிறகு, ஒரு லாரிக்கு வழிவிட்டு வளைவின் உட்பக்கச் செங்குத்தில் மாட்டிக்கொண்டபோது, கை தானாகவே 34-க்குப் போய்விட்டது. மொத்தத்தில் மூன்று முறை வாக்குத் தவறினேன். ஆகவே 42 எனக்குப் போதாது. 11-48 பத்து கியரை எடுக்கலாம் என்று நினைக்கிறேன்.

இரண்டுபல்லன் அவர்களின் வாதத்தை ஒதுக்கிவிடவில்லை. அவர் சொன்னபடி லிமிட் திருகை இறுக்கியதில், இந்த வாரம் செயின் ஒருமுறை கூட உள்ளே விழவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆயினும் நான் சுமை ஏற்றிக்கொண்டு போவதில்லை. இடக்கை ஓய்வாக இருப்பதில் ஒரு சுகம் இருக்கும் என்றும் தோன்றுகிறது. முன்னால் 32 எடுப்பதா 30 எடுப்பதா, பொருத்தும்போது எதில் கவனம் வேண்டும் என்பதை மட்டும் பட்டறைக்காரர் சொல்ல வேண்டும். வேலையை நானே செய்யலாம் என்று இருக்கிறேன்.


பட்டறைக்காரன்

32 எடுங்கள். 104 மில்லிமீட்டர் வட்டத்தில் 30-பல் சக்கரமும் உண்டு. ஆனால் அதில் பற்கள் போல்ட்டுகளுக்கு மிக அருகில் வந்துவிடுவதால், பல்சக்கரத்திலேயே மரை வெட்டி, சற்று விலக்கி அமைத்திருப்பார்கள். 48-பல் பின்னால் இருக்கும்போது உங்களுக்கு அந்தச் சிக்கல் தேவையில்லை. மேலும் 32 உங்கள் சட்டத்தில் இடிக்காது என்பது ஏற்கெனவே தெரிந்த விஷயம். பத்தாண்டுக்கு மேலாக அங்கே ஓடிக்கொண்டிருப்பதே 32-தான்.

உட்பல்சக்கரத்தைக் கழற்ற வேண்டுமானால் கிராங்கை வெளியே எடுத்தாக வேண்டும். உங்கள் கிராங்குக்குப் பொருந்தும் புல்லரை (கிராங்கை இழுத்துக் கழற்றும் கருவி) வாங்கி, அதன் மரை முழுவதும் உள்ளே ஏறிய பிறகே திருகுங்கள். பாதி மரையில் திருகிக் கிராங்கின் மரையை உருவிவிட்டு என்னிடம் வருபவர்கள் அதிகம். முன் டிரெய்லியர் சீட் டியூபில் வளையமாகப் பிடிக்கப்பட்டிருந்தால் ஒரே திருகுதான். சில சைக்கிள்களில் அது பாட்டம் பிராக்கெட் (கிராங்க் சுழலும் அச்சு) கோப்பைக்குப் பின்னால் ஒரு தகட்டால் பிடிக்கப்பட்டிருக்கும். அந்தத் தகட்டை எடுத்தால் அதன் தடிமனுக்கு ஈடாக ஒரு வளையம் போட வேண்டும். போடாவிட்டால் கிராங்க் இருக்கும் இடமே மாறிவிடும்.

புதிய பல்சக்கரத்தைக் கிராங்கின் கைகளுக்கு உட்பக்கத்தில், அதாவது பழைய நடுப்பல்சக்கரம் இருந்த அதே இடத்தில் பொருத்துங்கள். இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள்: பழைய போல்ட்டுகள் இரண்டு பல்சக்கரங்களைச் சேர்த்துப் பிடிப்பதற்கான நீளம் கொண்டவை. 44 இல்லாதபோது அவை அடிவரை திருகினாலும் இறுகா. இறுகியது போலக் கைக்குத் தோன்றும், ஆனால் பல்சக்கரம் ஆடும். ஒற்றைப் பல்சக்கரத்துக்கான குட்டைப் போல்ட்டுகளைக் கேட்டு வாங்குங்கள்.

காசெட்டைக் கழற்ற, லாக்ரிங் (காசெட்டைப் பூட்டும் வளையம்) சாவியோடு, காசெட் சுழலாமல் பிடிக்கும் செயின் சாட்டையும் வேண்டும். மாட்டும்போது லாக்ரிங்கை அதன் மேலேயே பொறித்திருக்கும் 40 நியூட்டன்-மீட்டர் வரை இறுக்குங்கள். இது கையளவு இறுக்கத்தைவிட மிக அதிகம். பழைய செயினைப் பயன்படுத்தாதீர்கள். அது 44-பல் சக்கரத்துக்காக வெட்டப்பட்டது, ஒன்பது கியருக்கானது, தேய்ந்தும் இருக்கும். புதிய பத்து கியர் செயினை டிரெய்லியர் வழியாக விடாமல் 32-ஐயும் 48-ஐயும் மட்டும் சுற்றி அளந்து, டிரெய்லியரோடு வரும் குறிப்பில் சொன்ன அளவு கண்ணிகளைக் கூட்டி வெட்டுங்கள். அந்த எண்ணிக்கை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பின்சஸ்பென்ஷன் உள்ள சைக்கிளாக இருந்தால், பின்சக்கரம் மிகத் தொலைவாகப் போகும் நிலையில் வைத்து அளக்க வேண்டியிருக்கும். உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

செயினை முதன்முறை ஏற்றும்போது வெளித்தகட்டுக் கண்ணி தடித்த பல்லில் உட்காருகிறதா என்று பாருங்கள். ஒரு பல் தள்ளி ஏற்றினால் தடித்த பல் குறுகலான கண்ணியில் முட்டி நிற்கும். அப்படியே அழுத்தி மிதித்துவிட்டால் பல்லும் கெடும், செயினும் கெடும்.

பின்னர் டிரெய்லியர். பெரிய காசெட்டுகளில் ஹேங்கர் ஒரு இம்மி வளைந்திருந்தாலும் கியர் பேசும். ஆகவே அதை முதலில் நேர்செய்துகொள்ளுங்கள். இதை மட்டும் கருவி உள்ள கடையில் கொடுத்துச் செய்வது நல்லது. 48-இல் நிறுத்தி, மேல் உருளை பற்களில் உரசாமலும் மிகத் தொலைவாகப் போகாமலும், உருளைக்கும் காசெட்டுக்கும் உள்ள இடைவெளியை மாற்றும் பி திருகைச் சரிசெய்யுங்கள். இந்தத் திருகைப் பழைய 34-பல் காலத்தில் யாரும் தொட்டதே இல்லை. இப்போது கியர் மாறுவதன் தரத்தில் பாதி அதன் கையில்தான் இருக்கிறது. கிளட்ச்சைத் தற்காலிகமாக விடுவித்து இந்த வேலைகளையெல்லாம் முடித்துவிட்டு, ஓட்டுவதற்கு முன் மறக்காமல் பூட்டுங்கள்.


இரண்டுபல்லன்

தோற்றவன் போலச் சொல்லவில்லை. ஆனாலும் ஒரு வேண்டுகோள். கழற்றும் 44, 22, முன் டிரெய்லியர், நீண்ட போல்ட்டுகள், இடப்பக்க ஷிஃப்டர் எல்லாவற்றையும் எண்ணெய் தடவி ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். என்னுடையதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, ஓராண்டு கழித்து மறுபடியும் விலைக்கு வாங்கினேன்.


அடிவாரத்தான்

டப்பா தயார். 48-இல் இருக்கும்போது செயின் மிகவும் சாய்ந்திருக்கும் என்று இரண்டுபல்லன் சொன்னது மட்டும் மனத்தில் உறுத்துகிறது. பொருத்திய பிறகு அது அளவுக்கு மீறிய சாய்வா, இல்லையா என்பதை வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா?


பட்டறைக்காரன்

முடியும். பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, செயினை 48-இல் வைத்துப் பெடலைப் பின்னோக்கிச் சுற்றுங்கள். பத்துச் சுற்றுக்கும் செயின் 48-இலேயே நின்றால் கவலையில்லை. தானாகவே அடுத்த சிறிய பல்லுக்கு இறங்கிவிட்டால், முன்பல்சக்கரம் வெளியே தள்ளி இருக்கிறது என்று பொருள். அப்போது கிராங்கின் கைக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவில், நான்கு போல்ட்டுகளிலும் ஒரே தடிமனுள்ள மெல்லிய வாஷர்களை வைத்து, ஒரு மில்லிமீட்டர் உள்ளே தள்ளிவிட்டு மறுபடியும் சுற்றிப் பாருங்கள். சட்டத்தில் உரசாமல் எவ்வளவு இடம் இருக்கிறது என்பதை அதற்கு முன்பே அளந்துகொள்ளுங்கள்.